அணையின் உப்பு எத்தனை நாளில் கரையும்? வகைக்கெழுச் சமன்பாடுகள் ஓர் அறிமுகம்

நொய்யல் ஆற்றில் வெள்ளம் வரும் காலங்களில், அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை பற்றிய செய்திகளில் ஓர் எண் பெரும்பாலும் இடம்பெறும். நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதே அந்த எண். நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் பார்க்கும் வாசகர், ஒரு நாளில் குறைந்தது எவ்வளவு என்று கழித்து, இருப்பதை அதனால் வகுத்து, இன்னும் இத்தனை நாளில் நீர் தெளிந்துவிடும் என்று முடிவு கட்டுகிறார். அந்த நாள் வந்த பிறகும் உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சியிருந்தால், அளவெடுத்தவர்கள் மீதோ கழிவை விட்டவர்கள் மீதோ ஐயம் எழுகிறது. ஐயத்துக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் கணக்கிலேயே ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழையைத் திருத்தும் கணிதத்துக்குத்தான் வகைக்கெழுச் சமன்பாடு என்று பெயர்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கும் இடமாக மாறியது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு நிறையச் சேர்க்க வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விட, உப்பு ஏறத்தாழ முழுவதும் கழிவு நீரோடு போகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன் பின் கழிவு நீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்ததும் இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தவை.

இருப்பும் வேகமும்

பவானிசாகர் அணையின் நிலவரத்தை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு இரண்டு வகை எண்கள் பழக்கமானவை. நீர் இருப்பு டி.எம்.சி. கணக்கில் தரப்படுகிறது, ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. நீர்வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று தரப்படுகின்றன. முதலாவது, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, அந்த அளவு எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைச் சொல்கிறது. வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்தபின் வினாடிக்கு 11,574 கன அடி மிஞ்சினால், ஒரு நாளில் இருப்பு ஒரு டி.எம்.சி. கூடும். அந்த மிச்சம் மாறாமல் இருக்கும்வரை பெருக்கலும் வகுத்தலுமே போதும்; புதிய கணிதம் எதுவும் வேண்டியதில்லை.

மாறும் வேகமே இருப்பைப் பொறுத்து அமையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மதகு வழியே வெளியேறும் நீர், அணையில் அப்போது எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறதோ அதற்கேற்ற உப்பைத்தான் எடுத்துச் செல்லும். உப்பு குறையக் குறைய, உப்பு வெளியேறும் வேகமும் குறைகிறது. இருப்பைத் தெரிந்துகொள்ள வேகம் வேண்டும். வேகத்தைத் தெரிந்துகொள்ள இருப்பு வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

ஒரு குளத்துக் கணக்கு

அணையின் உண்மையான அளவுகளை விட்டுவிட்டு, கணக்குக்கு எளிதான ஒரு கற்பனைக் குளத்தை எடுத்துக்கொள்வோம். குளத்தில் 1 கோடி லிட்டர் நீர் இருக்கிறது. டி.டி.எஸ். லிட்டருக்கு 4,000 மில்லிகிராம். ஆகவே மொத்த உப்பு 40 டன். நாள்தோறும் 10 லட்சம் லிட்டர் நல்ல நீர் உள்ளே வருகிறது. அதே அளவு, உபரி நீர் வழியும் கலங்கல் வழியே வெளியேறுகிறது. வரும் நீர் உடனுக்குடன் குளம் முழுவதும் சீராகக் கலந்துவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இந்தக் கடைசி அனுமானம் சாதாரணமானதன்று. அதைப் பிறகு பார்ப்போம்.

நாளொன்றுக்குக் குளத்து நீரில் பத்தில் ஒரு பங்கு வெளியேறுவதால் முதல் நாள் 4 டன் உப்பு போகிறது. செய்தி படித்தவரின் கணக்குப்படி 10 நாளில் 40 டன்னும் தீர்ந்துவிட வேண்டும். ஆனால் இரண்டாம் நாள் குளத்தில் இருப்பது 36 டன்தான். அதில் பத்தில் ஒரு பங்காகிய 3.6 டன் மட்டுமே வெளியேறும். மூன்றாம் நாள் 3.24 டன். இப்படியே நாளுக்கு ஒரு முறை கணக்கிட்டுக்கொண்டு போனால், 10 நாள் முடிவில் ஏறத்தாழ 13.95 டன் எஞ்சியிருக்கும்.

இதிலும் ஒரு சிறு குறை உண்டு. காலை முதல் மாலை வரை உப்பின் அளவு மாறவேயில்லை என்பதுபோல, நாளின் தொடக்க அளவை வைத்தே நாள் முழுவதற்குமான வெளியேற்றத்தைக் கணக்கிட்டுவிட்டோம். அரை நாளுக்கு ஒரு முறை கணக்கிட்டால் எஞ்சுவது 14.34 டன். மணிக்கு ஒரு முறை கணக்கிட்டால் 14.68 டன். நிமிடத்துக்கு, வினாடிக்கு என்று இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் விடை கட்டுக்கடங்காமல் ஏறிவிடுவதில்லை, 14.72 டன்னை நெருங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. இடைவெளி சுழியை நெருங்கும்போது கணக்கு எங்கே போய் நிற்கிறது என்பதே நுண்கணிதத்தின் மையக் கேள்வி. பதினேழாம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் தனித்தனியே விடை கண்ட கேள்வியும் இதுவே.

சொற்களின் பொருள்

1. வகைக்கெழு: ஓர் அளவு, குறிப்பிட்ட ஒரு கணத்தில் மாறும் வேகம். குளத்து உப்பை ‘உ’ என்றும், நாள் கணக்கில் காலத்தை ‘கா’ என்றும் குறித்தால், ‘உ’வின் வகைக்கெழு என்பது அக்கணத்தில் நாளொன்றுக்கு எத்தனை டன் என்ற வீதத்தில் உப்பு மாறுகிறது என்பதாகும். வளைவரை வரைந்து பார்த்தால், அந்த இடத்தில் தொடுகோட்டின் சாய்வு அது.

2. வகைக்கெழுச் சமன்பாடு: தெரியாத ஒரு சார்பையும் (இங்கே, எந்த நேரத்தில் எவ்வளவு உப்பு என்று சொல்லும் விதி) அதன் வகைக்கெழுவையும் தொடர்புபடுத்தும் சமன்பாடு. நம் குளத்துக்கு அது ஒரே வரியில் அடங்கும்: உ-வின் வகைக்கெழு = −உ ÷ 10. உப்பு குறைவதால் கழித்தல் குறி. நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு நீர் மாறுவதால் 10.

3. வரிசை: சமன்பாட்டில் வரும் வகைக்கெழுக்களில் மிக உயர்ந்தது எத்தனையாவது என்பது. வேகம் மட்டும் வந்தால் முதல் வரிசை. வேகம் மாறும் வேகமாகிய முடுக்கமும் வந்தால் இரண்டாம் வரிசை. ‘படி’ என்ற இன்னொரு சொல்லையும் பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருப்போம். அது தேர்வுக்குப் பயன்படும் அளவுக்கு இங்கே பயன்படாது.

4. சாதாரணமும் பகுதியும்: காலம் போன்ற ஒரே ஒரு மாறியைப் பொறுத்து மாறுவதைச் சொல்வது சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு. காலத்தோடு இடத்தையும் பொறுத்து மாறினால், எடுத்துக்காட்டாக ஆற்றின் ஒவ்வொரு மைலிலும் உப்பு வேறாக இருந்தால், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு தேவைப்படும். இக்கட்டுரை முதல் வகையோடு நின்றுகொள்கிறது.

தீர்வு என்பது எது?

பள்ளியில் படித்த இயற்கணிதச் சமன்பாடுகளுக்கு விடையாக ஓர் எண் கிடைக்கும். வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு விடையாகக் கிடைப்பது ஒரு சார்பு, அதாவது எந்த நாளைக் கேட்டாலும் அந்த நாளின் உப்பளவைச் சொல்லும் ஒரு விதி. புதிதாகப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

குளத்தின் சமன்பாட்டைத் தீர்க்கும் வழிக்கு மாறிகளைப் பிரித்தல் என்று பெயர். இம்முறை 1691-ஆம் ஆண்டிலேயே லைப்னிட்சிடம் காணப்படுகிறது. அதன் படிகள் இவை:

1. ‘உ’ தொடர்பானவற்றையெல்லாம் ஒரு பக்கமும், ‘கா’ தொடர்பானவற்றையெல்லாம் மறு பக்கமும் கொண்டுவர வேண்டும். உப்பின் மிகச் சிறு மாற்றத்தை உப்பால் வகுத்தால் கிடைப்பது, காலத்தின் மிகச் சிறு மாற்றத்தை −10 ஆல் வகுத்தால் கிடைப்பதற்குச் சமம் என்று அது எழுதப்படும்.

2. இரு பக்கத்தையும் தொகையிட வேண்டும், அதாவது மிகச் சிறு மாற்றங்களையெல்லாம் கூட்டி மொத்தத்தைக் காண வேண்டும்; வகைக்கெழு காண்பதாகிய வகையிடலுக்கு இது எதிர்ச்செயல். இடப்பக்கம் ‘உ’வின் இயல் மடக்கையாகவும், வலப்பக்கம் −கா ÷ 10 உடன் ஒரு மாறிலி சேர்ந்ததாகவும் மாறும். வகையிடும்போது மாறிலிகள் காணாமற்போவதால், தொகையிடும்போது போனதற்கு ஈடாக ஒன்றைச் சேர்த்தாக வேண்டும்.

3. மடக்கையை நீக்கினால், உ = ம × 2.718^(−கா/10) என்று கிடைக்கும். இங்கே 2.718 என்பது ஆய்லர் எண்ணின் தோராய மதிப்பு. ‘ம’ என்பது எந்த மதிப்பையும் ஏற்கத்தக்க மாறிலி. இதுவே பொதுத் தீர்வு.

4. தொடக்கத்தில் உப்பு 40 டன் என்ற செய்தியைப் பயன்படுத்தினால் ம = 40 ஆகிறது. இந்தச் செய்திக்குத் தொடக்க நிபந்தனை என்று பெயர்; இதைப் பொருத்தியபின் கிடைப்பது குறிப்பிட்ட தீர்வு.

பொதுத் தீர்வு ஒரு வளைவரை அன்று, வளைவரைகளின் குடும்பம் என்பதைக் கவனிக்க வேண்டும். 40 டன்னில் தொடங்கிய குளத்துக்கும் 400 டன்னில் தொடங்கிய குளத்துக்கும் விதி ஒன்றே. இறங்கும் பாதைகள்தாம் வேறு. சரிபார்ப்பதும் எளிது. கிடைத்த சார்பை வகையிட்டு மூலச் சமன்பாட்டில் பொருத்திப் பார்த்தால் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். தீர்வைக் கண்டுபிடித்த வழி எதுவானாலும், குருட்டு ஊகமே ஆனாலும், இந்தச் சோதனையில் தேறினால் அது தீர்வுதான்.

இனிக் கேள்விக்கு விடை காணலாம். உப்பு பாதியாகக் குறைய 6.9 நாள் ஆகிறது. மீதியில் பாதி குறைய மறுபடியும் அதே 6.9 நாள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதை விரும்பத்தக்கது என்கிறது. 4,000 என்பது 500 ஆவதற்கு மூன்று முறை பாதியாக வேண்டும், ஆகவே 20.8 நாள். முதல் நாள் வேகத்தை வைத்துப் போட்ட 10 நாள் கணக்கு, இதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

வரும் நீரிலும் உப்பு இருந்தால்

இதுவரை உள்ளே வருவது தூய நீர் என்று கொண்டோம். வரும் நீரிலேயே லிட்டருக்கு 400 மில்லிகிராம் உப்பு இருந்தால், நாள்தோறும் 0.4 டன் உள்ளே சேர்கிறது. சமன்பாடு இப்படி மாறும்: உ-வின் வகைக்கெழு = 0.4 − உ ÷ 10. வலப்பக்கம் சுழியாகும் அளவு 4 டன். குளம் எங்கே தொடங்கினாலும் அந்த 4 டன்னை நோக்கியே நகரும். அதற்குச் சமநிலை மதிப்பு என்று பெயர். தீர்வு: உ = 4 + 36 × 2.718^(−கா/10). இப்போது 500 மில்லிகிராமை எட்ட 20.8 நாள் போதாது, 35.8 நாள் ஆகும்.

வரும் நீரில் 600 மில்லிகிராம் இருந்தால் எத்தனை நாள் ஆகும்? எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் 500 கிடைக்காது. சமநிலையே 600-இல் இருக்கும்போது, எவ்வளவு நீரைத் திறந்துவிட்டாலும் குளம் அதற்குக் கீழே இறங்காது. அதிக நீர் விட்டால் சமநிலையை விரைவாக எட்டலாம். சமநிலையை மாற்ற முடியாது. கழிவை ஆற்றில் விட்டபின் நீர் விட்டு அலசுவதா, கழிவை ஊற்றிலேயே தடுப்பதா என்ற பழைய வாதத்தில், முதல் கட்சிக்கு இந்த ஒற்றை வரிச் சமன்பாடு எவ்வளவு இடம் தருகிறது என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

காலித் தொட்டி சொல்லாத செய்தி

வேகம் இருப்புக்கு நேர்விகிதத்தில்தான் அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டு மாடியிலுள்ள, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள தண்ணீர்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டால், நீர்மட்டம் இறங்கும் வேகம் நீரின் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இராது; உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது டோரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி. நிறைந்த தொட்டி 100 நிமிடத்தில் காலியாகும் என்றால், மேல் பாதி இறங்க 29 நிமிடமே ஆகிறது. கீழ்ப் பாதிக்கு 71 நிமிடம். குழாயடியில் கடைசியாகக் குடம் வைத்தவருக்கு இது கணிதம் படிக்காமலே தெரியும்.

இந்தத் தொட்டியில் வேறொரு நுட்பமும் இருக்கிறது. குளத்தின் இன்றைய உப்பளவு தெரிந்தால், சமன்பாட்டைப் பின்னோக்கி ஓட்டி நேற்று எவ்வளவு, முந்தாநாள் எவ்வளவு என்று தடையின்றிச் சொல்லிவிடலாம். தொட்டியில் அது எப்போதும் நடக்காது. காலித் தொட்டியைப் பார்க்கும் ஒருவரால் அது ஐந்து நிமிடத்துக்கு முன் காலியானதா, நேற்றே காலியானதா என்று சொல்ல முடியாது. இரண்டு வரலாறுகளும் ஒரே சமன்பாட்டுக்கும் ஒரே இறுதி நிலைக்கும் பொருந்துகின்றன. ஒரு நிலையைக் கொடுத்தால் தீர்வு ஒன்றே ஒன்றுதானா என்ற கேள்வியைக் கணிதத்தில் ஒருமைத்தன்மை என்பர். உயரம் சுழியாகும் இடத்தில் வர்க்கமூலத்தின் சாய்வு எல்லையின்றிப் பெரிதாவதால் அந்த ஒருமைத்தன்மை அங்கே குலைகிறது. தீர்வு உண்டா, ஒன்றுதானா என்பவற்றைக் கணித நூல்கள் ஏன் அவ்வளவு கவனமாக நிறுவுகின்றன என்று வியப்பவர்களுக்கு, காலித் தொட்டியே விடை.

தூரியும் இரண்டாம் வரிசையும்

இரண்டாம் வரிசைக்கு ஆடிமாதத் தூரியை, அதாவது ஊஞ்சலைப் பார்க்கலாம். தூரி நடுநிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கு நேர்விகிதமான முடுக்கம் அதை நடுவை நோக்கி இழுக்கிறது. வீச்சு சிறிதாக இருக்கும்வரை இது சரி. இங்கே இரண்டு முறை தொகையிட வேண்டியிருப்பதால் இரண்டு மாறிலிகள் வருகின்றன. ஆகவே தொடக்கத்தில் தூரி எங்கே இருந்தது, என்ன வேகத்தில் தள்ளப்பட்டது என்ற இரண்டு செய்திகளும் வேண்டும். தீர்வு, முன்னும் பின்னுமாக மாறி மாறி வரும் சைன், கோசைன் சார்புகளாக அமைகிறது. 4 மீட்டர் கயிற்றில் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 4 வினாடி. 1 மீட்டர் கயிற்றில் 2 வினாடி. ஆடுபவரின் எடை சமன்பாட்டில் அடிபட்டுப் போவதால், குழந்தை உட்கார்ந்தாலும் பெரியவர் உட்கார்ந்தாலும் நேரம் பெரும்பாலும் மாறுவதில்லை.

சூத்திரம் கிடைக்காதபோது

பாடநூலில் வரும் சமன்பாடுகள் எல்லாம் தீர்வதைப் பார்த்து, எல்லாச் சமன்பாடுகளும் அப்படித் தீரும் என்று எண்ணிவிடக் கூடாது. தீரக்கூடியவற்றைத்தான் பாடநூலில் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு எளிய சில முதல் வரிசைச் சமன்பாடுகளுக்குக்கூடப் பழகிய சார்புகளையும் தொகையிடலையும் கொண்டு தீர்வு எழுத முடியாது என்பதை 1841-இல் லியூவில் நிறுவினார். அத்தகைய இடங்களில் கைகொடுப்பது, குளத்துக்கு முதலில் நாம் செய்ததுபோன்ற படிப்படியான கணக்கு. ஆய்லர் 1768-இல் வெளியிட்ட நூலில் அந்த முறையைக் காணலாம். இன்று வானிலை முன்னறிவிப்பு முதல் விண்கலப் பாதை வரை கணினிகள் செய்வது அதன் செம்மைப்படுத்தப்பட்ட வடிவங்களையே. தீர்வு இருக்கிறது என்பதும் அதற்குச் சூத்திரம் இருக்கிறது என்பதும் வேறு வேறு செய்திகள்.

மீண்டும் அணைக்கு

உண்மையான அணை, நம் கற்பனைக் குளம் போல நடந்துகொள்வதில்லை. வரும் வெள்ளம் சீராகக் கலப்பதில்லை. உப்பு மிகுந்த கனத்த நீர் அடியில் தங்க, புதுநீர் மேலே ஓடிப்போய்விடலாம். கோடையில் நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. பாதி நீர் வற்றினால், உப்பு ஒரு கிலோகூடக் கூடாமலே டி.டி.எஸ். இரு மடங்காகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பல ஆண்டுகளாக அடியில் படிந்த சேற்றிலும் உப்பு இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்த்தால் நீரின் உப்பு, சேற்றின் உப்பு என்று தெரியாத சார்புகள் இரண்டாகின்றன. ஒன்றின் வேகம் மற்றதன் அளவைப் பொறுத்து அமைவதால், இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். அந்தத் தீர்வில் வேகமாக இறங்கும் ஒரு பகுதியும், மிக மெதுவாக இறங்கும் ஒரு பகுதியும் கலந்திருக்கும். வெள்ளம் வந்த முதல் வாரத்தில் செய்தியில் தெரிவது வேகமான பகுதி. ஆண்டுக்கணக்கில் நீடிப்பது மற்றது.

மதகை அடைத்த பிறகு டி.டி.எஸ். மறுபடியும் ஏறினால், யாரோ இரவில் கழிவைத் திறந்துவிட்டார்கள் என்பதே முதல் பேச்சாக இருக்கிறது. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஏற்றத்துக்கு மூன்று காரணங்கள் இருக்க முடியும்; மூன்றின் சமன்பாடுகளும் வெவ்வேறு தடயங்களை விட்டுச் செல்கின்றன.

1. ஆவியாதல் மட்டும் காரணமானால், டி.டி.எஸ்.ஸை நீரின் கன அளவால் பெருக்கினால் வரும் மொத்த உப்பு மாறாமல் இருக்கும்.

2. சேற்றிலிருந்து கசிவதானால் மொத்த உப்பு கூடும். ஆனால் நீருக்கும் சேற்றுக்கும் உள்ள வேறுபாடு குறையக் குறைய ஏற்றம் தணிந்து, வளைவரை படிப்படியாகச் சமதளமாகும்.

3. புதிய கழிவு வருவதானால், மொத்த உப்பு வரத்தை ஒட்டியே கூடும். வரத்து நிற்கும் நாளில் ஏற்றமும் நிற்கும்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு நாள் எண் போதாது. வரத்து நீரின் உப்பையும், அணையின் உப்பையும், நீரின் கன அளவையும் மதகு அடைத்த நாளிலிருந்து சில வாரங்களுக்காவது தொடர்ந்து குறித்துவைத்திருக்க வேண்டும்.